கொடியடுப்பும் குளிர்சாதனமும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்று புதிய கட்டடம் எழுப்ப முற்படும்போது, அதன் நிர்வாகக் குழு கல்லுக்கும் இரும்புக்கும் கணக்குப் பார்க்கிறது. கதவுக்கும் வர்ணத்துக்கும் விலைப்புள்ளி கேட்கிறது. ஆனால் கட்டடம் எழுந்த பின்னர், முப்பது ஆண்டுக் காலம் அது உண்ணப்போகும் மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் முன்கூட்டி ஒழுங்கான கணக்கு எதுவும் பார்ப்பதில்லை. அங்கத்தினர்களின் பங்குத் தொகையும் சேமநிதியும் மாதந்தோறும் இவ்வழியே சிறுகச் சிறுகக் கரைந்து போகின்றன. இக்குறையைப் பிறர்மேல் ஏற்றிச் சொல்ல நான் முன்வரவில்லை. கூட்டுறவு ஆய்வாளன் என்ற முறையில் எனக்கும் இதில் பங்கு உண்டு. ஆகவே முதலில் என் பிழையைக் கூறிவிட்டு, பின்னர் என் கருத்தைக் கூறுவதே முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், தேனாம்பேட்டையில் ஒரு சங்கத்தின் புதுக் கட்டடத்தை ஆய்வு செய்யும் பணி எனக்கு வாய்த்தது. சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கீழ்த்தளத்தில் துணி விற்பனை நிலையம், நடுத்தளத்தில் அலுவலகம், மேல்தளத்தில், வெளியூர்களிலிருந்து வரும் அங்கத்தினர்கள் தங்குவதற்கான அறைகளும் ஒரு சிற்றுண்டிச் சாலையும் இருந்தன. ஒப்பந்தப்புள்ளிகள் முறைப்படி கோரப்பட்டிருந்தன. பற்றுச்சீட்டுகள் வரிசையாக இருந்தன. தீர்மானப் புத்தகத்தில் கையொப்பங்கள் குறையாமல் இருந்தன. “குறிப்பிடத்தக்க குறைபாடு ஏதுமில்லை” என்று என் ஆய்வுக் குறிப்பில் எழுதி முடித்தேன்.

அன்று மாலை, பொதுக்குழுக் கூட்டத்துக்காக வந்திருந்த வயோதிக நெசவாளர் ஒருவர் என்னை மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்றார். இளமையில் நெடுங்காலம் சாயத்தொட்டிக்கு அருகில் நின்று உழைத்தவர் அவர். மாடியில் வரிசையாக வைக்கப்பட்டிருந்த குளிர்சாதனங்களின் வெளிப்புற இயந்திரங்கள் அனற்காற்றை வீசிக் கொண்டிருந்தன. அவற்றுக்கு நான்கு முழம் தள்ளி, தங்கும் அறைகளுக்கு வெந்நீர் தரும் மின்சாரக் கொதிகலன் இருந்தது. அதற்கப்பால் சிற்றுண்டிச் சாலைக்கான எரிவாயு உருளைகள் நின்றன. கீழே பின்கட்டில் இருந்த டீசல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் சுவரோரமாக மேலேறி, நாங்கள் நின்ற இடத்துக்குச் சற்று அருகிலேயே திறந்திருந்தது.

அப்பெரியவர் சொன்னார்: “ஐயா, நீங்கள் படித்தவர், கணக்குப் பார்க்கிறவர். இந்தப் பக்கம் சூட்டை வெளியே தள்ளுகிறார்கள். அந்தப் பக்கம் காசு கொடுத்துச் சூடு வாங்குகிறார்கள். எங்கள் வீட்டுக் கொடியடுப்பில்கூட இப்படி நடக்காதே?”

பட்டப் படிப்பில் வெப்பவியலைப் பாடமாகப் படித்துத் தேறியவன் நான். எனினும் அவருக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. தாளில் படித்ததை மாடியில் காணத் தவறிவிட்டேன்.

கொடியடுப்பை நம் வாசகர்களில் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். எரிவாயு அடுப்பையே கண்டு வளர்ந்த இளைஞர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். விறகு ஒரே வாயில்தான் இடப்படும். முதல் அடுப்பில் உலை கொதிக்கும். அங்கே எஞ்சிய அனல் உட்குழியின் வழியே பக்கத்து அடுப்புக்குச் சென்று, வெந்நீர்த் தவலையையோ பருப்பையோ சூடாக்கும். கொடியடுப்புக்கென்று தனியே விறகு கிடையாது. நம் பாட்டிமார்கள் எந்தக் கல்லூரியிலும் பயிலாமல் கண்டறிந்த இம்முறையைத்தான், மின்சாரம், வெப்பம், குளிர் ஆகிய மூன்றையும் ஒரே எரிபொருளைக் கொண்டு, பயன்படும் இடத்திலேயே உண்டாக்கும் கூட்டு உற்பத்தி முறை என்று இன்றைய பொறியியலார் வழங்குகின்றனர். இம்முறை நம் சங்கக் கட்டடங்களுக்குப் பொருந்துமா, பொருந்துமாயின் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் இழப்பின் அளவை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு ஜெனரேட்டரில் 100 பங்கு எரிபொருளை எரித்தால், அதில் ஏறத்தாழ 35 முதல் 40 பங்கு மட்டுமே மின்சாரமாகிறது. எஞ்சியதில் பெரும் பகுதி புகையோடும், என்ஜினைக் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறி விடுகிறது. பெரிய அனல்மின் நிலையங்களிலும் இதுவே நிலை. எண்ணூர்க் கடற்கரையை ஒட்டிய நிலையங்களில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் பாதிக்கு மேற்பட்ட பங்கு, கடல் நீரைச் சூடாக்கியும் வானத்தில் கலந்தும் ஒழிகிறது. அந்த வெப்பத்தைத் தேனாம்பேட்டைக்குக் கொண்டுவர முடியாது. மின்சாரம் கம்பியில் நெடுந்தூரம் செல்லும், வெந்நீர் அவ்வாறு செல்லாது. ஆகவேதான், வெப்பம் தேவைப்படும் இடத்திலேயே சிறு அளவில் மின்சாரம் உண்டாக்கினால், வீணாகும் வெப்பத்தையும் பயன்படுத்திக் கொள்ளலாம் என்ற எண்ணம் எழுந்தது. நன்கு அமைந்த கூட்டு நிலையங்களில் எரிபொருளின் 70 முதல் 85 பங்கு வரை பயன் தருகிறது.

இஃது இன்று நேற்று எழுந்த எண்ணம் அன்று. 1882-ஆம் ஆண்டில் எடிசன் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் மின் நிலையம் அமைத்தபோது, விளக்குகளுக்கு மின்சாரம் விற்றதோடு, நீராவியை அண்டைக் கட்டடங்களுக்குக் கணப்புக்காகவும் அளித்தார். நம் நாட்டில் இதற்குத் தொலைவில் சென்று உதாரணம் தேட வேண்டியதில்லை. கரும்பு பயிரிடும் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் ஆலைக்குள் இதைக் கண்டிருப்பார். ஒரு டன் கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 300 கிலோ சக்கை கிடைக்கிறது. அச்சக்கையைக் கொதிகலனில் எரித்து, எழும் நீராவியைக் கொண்டு சுழலியை ஓட்டி மின்சாரம் எடுக்கிறார்கள்; சுழலியை விட்டு வெளிவரும் தாழ்ந்த அழுத்தமுள்ள நீராவியைக் கொண்டே கரும்புச் சாற்றைக் காய்ச்சிச் சுண்ட வைக்கிறார்கள். அமராவதியானாலும், செய்யாறானாலும், அலங்காநல்லூரானாலும், சர்க்கரை ஆலை என்பது தன் அமைப்பிலேயே ஒரு பெரிய கொடியடுப்பு என்று சொல்லத் தகும்.

சூட்டிலிருந்து சூட்டைப் பெறுவது எளிதில் விளங்கும். சூட்டிலிருந்து குளிரைப் பெறுவது எவ்வாறு என்ற ஐயம் சிலருக்கு எழலாம். சென்னை மக்களுக்குக் குளிர் எவ்வளவு அரிய பொருளாக இருந்தது என்பதற்குக் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் சான்று. 1842-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கட்டடத்தில், அமெரிக்காவின் ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து விற்றனர். பின்னர், இயந்திரத்தின் உதவியால் பனிக்கட்டியை இங்கேயே செய்யும் நிறுவனம் ஒன்று 1874-இல் சென்னையில் தோன்றியது. கப்பல் வாணிகம் நலிந்தது. இதற்கு முன்பே, 1859-இல், பிரெஞ்சு நாட்டவரான பெர்தினான் கரே, அம்மோனியாவையும் நீரையும் கொண்டு, நெருப்பின் சூட்டாலேயே பனிக்கட்டி செய்யும் இயந்திரத்தை உருவாக்கிவிட்டார்.

இன்றைய பெருங்கட்டடங்களில் உள்ள உறிஞ்சுமுறைக் குளிர் இயந்திரமும் அவ்வழியில் வந்ததே. அதன் தத்துவம் மண்பானைத் தண்ணீரின் தத்துவத்துக்கு மிக நெருங்கியது. பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டைக் கவர்ந்து செல்வதால் தண்ணீர் குளிர்கிறது. இயந்திரத்தில், காற்று நீக்கப்பட்ட மூடிய கலத்துக்குள் நீர் விரைவாக ஆவியாகி, குழாய்களில் ஓடும் வேறு நீரைக் குளிர்விக்கிறது. அந்த ஆவியை லித்தியம் புரோமைடு என்ற உப்பின் கரைசல் உறிஞ்சிக் கொள்கிறது. மழைக்காலத்தில் உப்பு ஜாடி ஈரம் கோத்துப் போவதை நாம் கண்டதில்லையா? அது போன்றதே இது. ஈரம் கோத்த கரைசலைச் சூடாக்கினால் நீர் பிரிந்து போய், கரைசல் மீண்டும் உறிஞ்சுவதற்கு ஆயத்தமாகிறது. அவ்வாறு சூடாக்குவதற்கே என்ஜினின் கழிவு வெப்பம் பயன்படுகிறது.

இதுவரை கூறியவற்றைக் கேட்டவுடன், “அப்படியானால் ஒவ்வொரு சங்கமும் இவ்வியந்திரத்தை உடனே வாங்கிவிடலாமே” என்று ஆர்வமிக்க நிர்வாகிகள் எண்ணக்கூடும். விற்பனைப் பிரதிநிதிகளும் அவ்வாறே கூறுவார்கள். இங்கேதான் நான் சற்று நிதானிக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். நம் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்போம்.

100 பங்கு எரிவாயுவை ஓர் என்ஜினில் எரித்து, 38 பங்கு மின்சாரமும், 40 பங்கு பயன்படத்தக்க வெப்பமும் பெறுவதாகக் கொள்வோம். அந்த 40 பங்கு வெப்பத்தை நேராகச் சாயத்தொட்டிக்கோ வெந்நீர்க் கலத்துக்கோ கொடுத்தால் என்ன மிச்சமாகும்? அதே வெப்பத்தை, நூற்றுக்கு 80 திறனுள்ள தனிக் கொதிகலனில் பெற 50 பங்கு எரிபொருள் எரிக்க வேண்டியிருந்திருக்கும். அந்த 50 பங்கும் மிச்சம்.

அதே 40 பங்கு வெப்பத்தைக் குளிர் இயந்திரத்துக்குக் கொடுத்தால் என்ன ஆகும்? சாதாரண உறிஞ்சுமுறை இயந்திரம் ஒரு பங்கு வெப்பத்துக்குச் சுமார் 0.7 பங்கு குளிர் தரும். ஆகவே 28 பங்கு குளிர் கிடைக்கும். இந்தக் குளிரை மின்சாரத்தால் இயங்கும் நல்ல பெரிய இயந்திரம், ஒரு பங்கு மின்சாரத்துக்கு 5 பங்கு குளிராகத் தந்துவிடும். அதற்கு வேண்டிய மின்சாரம் 5.6 பங்கு மட்டுமே. அதை அதே என்ஜினில் உண்டாக்க ஏறத்தாழ 15 பங்கு எரிபொருள் போதும். ஒரு பங்குக்கு 3 பங்கு குளிர் தரும் சிறு குளிர்சாதனங்களோடு ஒப்பிட்டாலும், மிச்சம் 25 பங்கைத் தாண்டாது. புகையின் உயர்ந்த சூட்டைப் பயன்படுத்தும் ஈரடுக்கு இயந்திரங்கள் ஒரு பங்கு வெப்பத்துக்கு 1.2 பங்கு வரை குளிர் தரும் என்பது உண்மையே. அப்போது மிச்சம் சற்று உயரும். ஆயினும், சூட்டைச் சூடாகவே பயன்படுத்துவதில் கிடைக்கும் இலாபம், அதைக் குளிராக மாற்றுவதில் கிடைப்பதில்லை என்பது இக்கணக்கிலிருந்து தெளிவாகிறது.

இதிலிருந்து என் கருத்தை நான் இவ்வாறு வகுத்துக் கூறுகிறேன்: சங்கம் எதுவாயினும், முதலில் தன் வெப்பத் தேவையைக் கணக்கிட வேண்டும், மின்சாரமும் குளிரும் அதன் பின்னரே வரவேண்டும். வெப்பத்துக்கு நாள்தோறும் வேலை உள்ள இடத்தில் கூட்டு உற்பத்தி சிறந்த முதலீடு. அத்தகைய வேலை இல்லாத இடத்தில் அது வெறும் ஆடம்பரம். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஆறு மணிக்குப் பூட்டும் அலுவலகத்துக்கு, வெந்நீர் வேண்டாத கட்டடத்துக்கு, அங்கத்தினர் பணத்தைக் கொண்டு இந்த இயந்திரத்தை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அவ்வாறே, மின்தடை நேரும் சில மணி நேரம் மட்டும் ஓடும் ஜெனரேட்டரில் கழிவு வெப்பக் கருவியைப் பொருத்துவதும் பயன் தராது. ஆண்டில் பல்லாயிரம் மணி நேரம் ஓடினால்தான் போட்ட முதல் திரும்பும்.

அப்படியானால் இது யாருக்குப் பொருந்தும்? அண்ணா சாலையின் இருமருங்கிலும் நோக்கினால், மருத்துவமனைகளும் தங்கும் விடுதிகளுமே இதற்கு முதலில் தகுதியுடையவை. இரவும் பகலும் அவற்றுக்கு மின்சாரம் வேண்டும், குளிர் வேண்டும், துணி துவைக்கவும் கருவிகளைத் தூய்மை செய்யவும் சமைக்கவும் வெப்பம் வேண்டும். புதுதில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சார்ந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் விபத்துச் சிகிச்சை மையத்தில், இந்திய–ஜெர்மன் ஒத்துழைப்பில் இத்தகைய முன்னோடி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. எரிவாயு என்ஜின் மின்சாரம் தர, அதன் கழிவு வெப்பம் உறிஞ்சுமுறை இயந்திரத்தின் வழியே மருத்துவமனைக்குக் குளிர் தரும்படி அது திட்டமிடப்பட்டது. மருத்துவமனைக்கு இதில் மற்றொரு நலமும் உண்டு. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, பல பகுதிகள் நாட்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும் என்ஜின், ஆபத்து நேரத்திலும் ஓடும் என்று நம்பலாம். ஆண்டுக்கு இருமுறை மட்டும் தட்டி எழுப்பப்படும் என்ஜினிடம் அந்த நம்பிக்கை வைப்பது கடினம்.

நம் கூட்டுறவு உலகில் இதற்கு மிகச் சிறந்த இடம் பால் பண்ணை. பாலை 72 பாகை சூட்டில் 15 விநாடி வைத்துக் கிருமி நீக்க வேண்டும். உடனே 4 பாகை அளவுக்குக் குளிரச் செய்ய வேண்டும். சூடும் குளிரும் ஒரே கூரையின் கீழ், ஒரே நேரத்தில், ஆண்டு முழுவதும் தேவைப்படும் தொழில் இதைப்போல் வேறொன்று அரிது. மாதவரத்திலும் அம்பத்தூரிலும் சோழிங்கநல்லூரிலும் உள்ள ஆவின் பண்ணைகளைப் போன்றவை இக்கணக்கைப் பார்க்கத் தக்கவை. அடுத்து நெசவாளர்களின் சாயச்சாலை. பட்டு நூலைச் சோப்பு நீரில் காய்ச்சிப் பசை நீக்கவும், சாயம் ஏற்றவும் கொதிநிலையை ஒட்டிய வெந்நீர் வேண்டும். என்ஜினைச் சுற்றி வரும் நீர் 85 முதல் 90 பாகைச் சூட்டில் வெளிவருகிறது. அச்சூட்டைக் கொண்டு சாயத்தொட்டிக்குச் செல்லும் நீரை முன்கூட்டியே காய்ச்சிவிட்டால், விறகுச் செலவில் பெரும் பகுதி குறையும். நெல்லை அவித்து உலர்த்தும் அரிசி ஆலைக்கு எரிபொருளும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமியாகவே இருக்கிறது.

சர்க்கரை ஆலைகளைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தமிழ்நாட்டின் 10 கூட்டுறவு ஆலைகளிலும் 2 பொதுத்துறை ஆலைகளிலும் மொத்தம் 183 மெகாவாட் திறனுள்ள இணை மின் நிலையங்களை அமைக்க மின்வாரியத்துடன் சேர்ந்து திட்டம் வகுக்கப்பட்டது. நோக்கம் மிக உயர்ந்தது. பழைய கொதிகலன்களை நீக்கி, உயர்ந்த அழுத்தமுள்ள கொதிகலன்களை வைத்தால், அதே சக்கையிலிருந்து ஆலைக்குப் போக மிகுந்த மின்சாரத்தை விற்கலாம். அவ்வருவாய் கரும்புக் கிரயத்துக்கு உதவும். ஆனால் பணிகள் குறித்த காலத்தில் முடியாமல் ஆண்டுக்கணக்கில் நீண்டன. முதல் முடங்கிக் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் வட்டி ஏறுகிறது. கரும்பு வெட்டிக் கொடுத்துவிட்டுக் கிரயத்துக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கு, நல்ல திட்டம் என்ற ஆறுதல் மட்டும் போதுமா? கூட்டு உற்பத்தியின் தத்துவத்தில் பிழை இல்லை. ஆயினும் தத்துவம் சரியாக இருப்பது வேறு, காலத்தில் கட்டி முடித்து ஓட்டுவது வேறு. இவ்வனுபவத்தைச் சிறிய சங்கங்களும் மறவாதிருத்தல் வேண்டும்.

இனி, இம்முறைக்கு எதிராகக் கூறப்படும் தடைகளையும் நேர்மையாக ஆராய்வோம்.

முதலாவது, எரிபொருள். டீசலை நாள்தோறும் எரித்து மின்சாரம் செய்வது கட்டுப்படியாகாது, காற்றும் கெடும். எரிவாயு ஓரளவு தூயது. எண்ணூர்த் துறைமுகத்தில் ஆண்டுக்கு 50 லட்சம் டன் திரவ எரிவாயுவைக் கையாளும் முனையம் 2019-இல் திறக்கப்பட்டது. நகருக்குள் குழாய் வலைப்பின்னலும் விரிந்து வருகிறது. எனினும் அந்த எரிவாயு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருவது. உலகச் சந்தையில் அதன் விலை ஏறி இறங்கும். விலை ஏறினாலும் தாங்குமா என்று கணக்கிட்டுப் பார்த்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர். உறிஞ்சுமுறை இயந்திரம் மின்சார இயந்திரத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு வெப்பத்தை வெளியேற்ற வேண்டியிருப்பதால், குளிர்விப்புக் கோபுரத்தில் ஆவியாகும் நீரும் அதற்கேற்ப மிகும். 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடங்களோடு மக்கள் லாரிக்குக் காத்து நின்றதை நாம் மறக்கலாகாது. சுத்திகரித்த கழிவு நீரைப் பயன்படுத்த வழியில்லாத இடத்தில், குடிநீரை இயந்திரத்துக்கு வார்ப்பது அறமாகாது.

மூன்றாவது, அளவு. தனியொரு சிறு சங்கத்தின் கட்டடம் இத்தகைய நிலையத்தைத் தாங்காது என்பது உண்மை. ஆனால் சிறியவர்கள் சேர்ந்தால் பெரியது நடக்கும் என்ற ஒரே கருத்தின்மேல்தானே நம் இயக்கம் முழுவதும் நிற்கிறது? 1904-ஆம் ஆண்டில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, ஒரு பகுதி மக்கள் கூடி, அரிசியையும் பருப்பையும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்து கொண்டார்கள். தேனாம்பேட்டையில் இன்றும் காமதேனு சிறப்பங்காடிக்குச் சென்று பொருள் வாங்குவோர் அம்மரபின் பயனை நுகர்கின்றனர். அரிசியைப் பகிர்ந்தவர்கள் வெந்நீரையும் குளிர்நீரையும் பகிர முடியாதா?

டென்மார்க் நாட்டினர் இதைச் செய்து காட்டியிருக்கின்றனர். 1973-இல் எண்ணெய் நெருக்கடி தாக்கியபின், 1979-இல் அந்நாடு வெப்ப வழங்கல் சட்டம் இயற்றியது. மின் நிலையங்களின் வெப்பத்தைக் குழாய்களின் வழியே வீடுகளுக்கு அளிக்கும் முறை அங்கே ஓங்கி வளர்ந்து, இன்று வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அவ்வாறே கணப்புப் பெறுகின்றன. வெப்பத்தை இலாபத்துக்கு விற்கலாகாது என்பது அங்குள்ள விதி. அந்நிலையங்களுள் மிகப் பல, பயன்படுத்துவோரே அங்கத்தினராக உள்ள கூட்டுறவுச் சங்கங்களுக்குச் சொந்தமானவை. அவர்களுடையது பனி நாடு. நம்முடையது வெயில் நாடு. ஆகவே அவர்கள் குழாயில் சூட்டை அனுப்புகின்றனர். நாம் குளிரை அனுப்பலாம். குஜராத்தின் கிஃப்ட் நகரில் ஒரே நிலையத்திலிருந்து பல கட்டடங்களுக்குக் குளிர்நீர் வழங்கும் ஏற்பாடு நடைமுறையில் இருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுப்பதற்கு நாம் புதியவர்கள் அல்லோம்.

இவையெல்லாம் பெரிய காரியங்கள், காலம் எடுக்கும். அதுவரை சிறு சங்கங்கள் கையைக் கட்டிக் கொண்டிருக்க வேண்டியதில்லை. தேனாம்பேட்டை மாடியில் அப்பெரியவர் சுட்டிக்காட்டிய குறைக்கு எரிவாயு என்ஜின் எதுவும் வேண்டாம். குளிர்சாதனத்திலிருந்து வெளியேறும் சூட்டை, வெளியே வீசுவதற்கு முன், ஒரு நீர்க்கலத்தின் வழியே செலுத்தி வெந்நீர் பெறும் எளிய கருவிகள் கிடைக்கின்றன. தங்கும் அறைகளுக்கும் சிற்றுண்டிச் சாலைக்கும் வேண்டிய வெந்நீரில் பெரும் பகுதியை அதுவே தந்துவிடும். உயர்ந்த இயந்திரத்தைப் பற்றி ஆசைப்படுவதற்கு முன், இத்தகைய சிறிய கொடியடுப்பை அமைப்பதே அறிவுடைமை.

ஆகவே அங்கத்தினர்களுக்கும் நிர்வாகக் குழுக்களுக்கும் மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஒன்று: புதிய கட்டடம், ஜெனரேட்டர், கொதிகலன், குளிர்சாதனம் ஆகிய எதற்குத் தீர்மானம் கொண்டுவந்தாலும், அச்சங்கத்தில் எங்கே சூடு வெளியேறுகிறது, எங்கே சூடு வாங்கப்படுகிறது என்ற ஒரு பக்கக் கணக்கை அத்தீர்மானத்துடன் இணைக்க வேண்டும். இரண்டு: செலவு பெரிதாயின், 2001-ஆம் ஆண்டு எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் கீழ்ச் சான்று பெற்ற எரிசக்தித் தணிக்கையாளர் ஒருவரின் அறிக்கையைப் பெற வேண்டும், இயந்திரம் விற்பவரின் அறிக்கை அதற்கு ஈடாகாது. மூன்று: அருகருகே உள்ள சங்கங்கள், பால் பண்ணையும் குளிர்பதனக் கிடங்கும், சாயச்சாலையும் அரிசி ஆலையும், தனித்தனியே இயந்திரம் வாங்குமுன் ஒரு முறையேனும் கூடிப் பேச வேண்டும்.

இக்கோரிக்கைகளால் நிர்வாகிகளுக்கு வேலை மிகும் என்று சிலர் குறைகூறலாம். 2012-ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில் விசைத்தறிகள் நின்று கிடந்ததையும், கூலி இழந்த குடும்பங்கள் பட்ட பாட்டையும் நேரில் கண்டவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள். ஒரு யூனிட் மின்சாரத்தை வீணாக்காதிருப்பது, ஒரு யூனிட்டைப் புதிதாக உண்டாக்குவதற்கு ஒப்பாகும்.

என் பங்குக்கு நான் செய்ததையும் கூறிவிடுகிறேன். எழுதி ஒப்படைத்த ஆய்வுக் குறிப்பைத் திருத்த இயலவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு அதே சங்கத்துக்குச் சென்றபோது, வழக்கமான கேள்விகளுக்குக் கீழே என் கையால் ஒரு கேள்வியைச் சேர்த்தேன்: “இக்கட்டடத்தில் வெளியேறும் வெப்பம் எவ்வாறு பயன்படுத்தப்படுகிறது?” செயலாளர் அதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்னர், நிர்வாகக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கான பொருள் நிரலில் அதை ஏழாவது பொருளாக எழுதிக் கொண்டார். அதன்பின் நான் ஆய்வு செய்யும் ஒவ்வொரு சங்கத்திலும் அக்கேள்வியைக் கேட்டு வருகிறேன். நான் வராத சங்கங்களில், பொதுக்குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று அங்கத்தினர்களே இதைக் கேட்கலாம். அதற்குப் பட்டப் படிப்பு வேண்டியதில்லை. கொடியடுப்பைக் கண்டிருந்தால் போதும்.